வெயிலில் உருகாத கிரீடம்

“உன் கிரீடத்தை வாங்க ஒருத்தர் வந்தா, முதல்ல என்ன சொல்லுவே ஆலிஸ்?” என்று ஃப்ளோரன்ஸ் டீச்சர் கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். அவ்வளவுதான் முடிந்தது. இப்படி நின்று நின்றுதான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன்.

பக்கத்தில் இருந்த எல்சி, “மொதல்ல குந்துங்கன்னு சொல்லுவேன் டீச்சர். நின்னுகினு கீற ஆளு எப்ப வோணா பூடுவான்” என்றாள்.

கூடம் முழுக்கக் கைதட்டல். அன்று வீட்டுக்கு வந்து அதே கேள்விக்கு நோட்டில் பதினொரு பதில் எழுதினேன். ஒன்றுகூட எல்சி சொன்னதைப் போல இல்லை.

கைவேலை செய்கிற பெண்களுக்கு, செய்ததை விற்கக் கற்றுத்தரும் வகுப்பு அது. ராயபுரம் மாதா கோயில் கூடத்தில் ஆறு சனிக்கிழமை நடந்தது. எல்சியும் நானும் கல்யாணப் பெண் தலையில் வைக்கும் மெழுகுப்பூக் கிரீடத்தோடு போனோம். உண்மையில் செய்தவள் நான். எல்சி செய்த மொட்டு உளுந்து வடை மாதிரி இருக்கும். அதையும் அவளே சொல்லிச் சிரித்துவிடுவாள். நான் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது.

“ஆலிஸ் செய்யட்டும், எல்சி பேசட்டும்” என்று டீச்சர் எங்களைச் சோடி சேர்த்தார். என் கிரீடத்தை எல்சி தூக்கிப் பிடித்தாள். எல்லோரும் எல்சியைப் பார்த்தார்கள். நான்காவது வாரம் அதற்கு ‘எல்சி கிரீடம்’ என்றே பெயர் வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. அப்பா காசிமேட்டில் படகுப் பலகைகளின் இடுக்கை அடைக்கிறவர். அதற்கு அவர் வைத்திருக்கும் குங்கிலியப் பிசினில் கொஞ்சம் எடுத்துப் பொடித்து, மெழுகோடு சேர்த்து உருக்குவேன். அதனால்தான் என் பூ மே மாத வெயிலிலும் இளகாது. எல்சி மூன்று முறை கேட்டாள். “வெறும் மெழுகுதான்” என்றேன்.

கடைசி சனிக்கிழமை, கல்யாணச் சாமான் கடை வைத்திருக்கும் தவசிமுத்து ஐயா வந்தார். அவருக்கு நாற்பது கிரீடம் வேண்டும். அந்த ஆர்டர் கிடைத்தால் நாங்கள் இருவரும் இறால் உரிக்கப் போக வேண்டியதில்லை.

“குந்துங்க நைனா” என்றாள் எல்சி. அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

“வெயில்ல உருகாதா தாயி? போன மே மாசம் ஒரு பிள்ளை தலையில உருகி ஒட்டிக்கிட்டுல்லா. கோயில் வாசல்லயே எனக்கு ஏச்சு.”

“உச்சி வெயில்ல ஓட்டு மேல வச்சிப் பாத்தாச்சு நைனா. அப்டியே கீது.”

“மெழுகுல என்ன சேர்க்கிய?”

எல்சி என் பக்கம் திரும்பினாள். “சொல்லேன்டி.”

ஒரே ஒரு சொல். நாக்கு வரைக்கும் வந்தது. அன்று எனக்குக் கூச்சமே இல்லை. ஆனால் நான் சொன்னாலும் அவர் எல்சியைப் பார்த்துத்தான் சபாஷ் என்பார். தலையைக் குனிந்துகொண்டேன்.

“அவ வெக்கப்படுவா நைனா. அது… ரகசியம்னு வச்சிக்கோங்களேன்.” எல்சியின் குரல் முதல்முறையாகத் தடுமாறியது. எனக்கு இனித்தது.

“செய்யிறவங்களுக்கே தெரியாத சரக்கை நான் எப்படித் தாயி நம்பி விக்க?” என்று எழுந்து, கூடை பின்னுகிறவர்கள் பக்கம் போய்விட்டார்.

எல்சி கிரீடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரு மொட்டை நகத்தால் கீறி முகர்ந்தாள். படகுகளுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு அந்த வாசனை தெரியாமல் இருக்குமா? என்னை நிமிர்ந்து பார்த்தாள். கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

கிரீடத்தை என் மடியில் வைத்தாள். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.