ஜன்னலோர மேஜை

கார்மெண்ட்ஸ் கம்பெனியில், செக்கிங் பிரிவின் நீண்ட மேஜையிலிருந்து அவளை மட்டும் எழுப்பி, ஜன்னலோரம் தனி மேஜை போட்டுக் கொடுத்தார் சூப்பர்வைசர். நூல் பிசிறு பார்க்க அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றார். பன்னிரண்டு பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சட்டைகளைப் புரட்டும் இடத்தில் தனி மேஜை என்பது லேசுப்பட்ட விஷயமா? அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள். பெயிண்டரான அவள் கணவன் மட்டும் நல்லதுதான் என்று சொல்லிவிட்டு பிரஷ் கழுவப் போனான்.

அவர்கள் குடியிருந்தது ஒற்றை அறை. ஜன்னலை ஒட்டி வீட்டுச் சொந்தக்காரர் கழிப்பறை எழுப்பிவிட்டதால், திறந்தால் சுவர்தான். அந்த ஈரம் உள்ளே இறங்கிக் கறுப்பாகப் பூஞ்சை பூத்தது. ஊரார் வீட்டுக்கெல்லாம் பட்டி பார்த்து, காயவைத்து, ப்ரைமர் அடிக்கிறவன், தன் அறையில் மட்டும் மிஞ்சிய பெயிண்டை ஈரத்தின் மேலேயே வருஷாவருஷம் பூசினான். சுவர் காயும்வரை பிள்ளைகளோடு நாலு பேரும் எங்கே போய்ப் படுப்பது? ரோஸ், பச்சை, க்ரீம் என்று சுவர் தடித்ததே தவிர ஈரம் போகவில்லை. இங்கே வந்த இரண்டாம் வருஷம் அவளுக்கு மூக்கடைப்பு பிடித்தது. பிறகு சளி வற்றி, பச்சையாகப் பொருக்குத் தட்ட ஆரம்பித்தது. லீவு கிடைக்காததால் தைலத்திலேயே மூன்று வருஷத்தை ஓட்டினாள்.

ரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா ஒரு மாஸ்க்குக்கு மேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தினம் மூன்று வேளை உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும், சத்தாகச் சாப்பிட வேண்டும், ஈரமில்லாத காற்றோட்டமான இடத்தில் படுக்க வேண்டும் என்றார். சீட்டில் முதலாவதை மட்டும் எழுதினார். மற்ற இரண்டும் மருந்துக்கடையில் கிடைப்பதில்லை.

"பக்கத்துல இருக்கறவங்க எதுவும் சொல்லலையாம்மா?"

"என்ன சொல்லணும்?"

டாக்டரம்மா சற்றுத் தயங்கினார். "மூக்குக்குள்ளேருந்து அழுகல் வாடை வரும். உங்களுக்கு மோப்பமே போயிருக்கும், தெரியாது. மத்தவங்களுக்குத்தான் தெரியும்."

வழியெல்லாம் அந்த மேஜையையே நினைத்துக்கொண்டு வந்தாள். கம்பெனியில் இருப்பவர்கள் கிடக்கட்டும். தினமும் அவள் முகத்துக்கு நேரே முகம் வைத்துப் படுக்கிறவன் ஒருத்தன் இருக்கிறானே. அவனும் விலகிவிடுவானோ என்பதுதான் பயமாக இருந்தது.

அன்று அவனுக்கு வேலை இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டு, துண்டால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு கேட்டாள்.

"என் மூக்குல நாத்தம் வருதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? தின்னர் வாடையிலயே என் மூக்கு செத்து எத்தனையோ வருஷமாச்சு. ஒரு மண்ணும் தெரியாது."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துண்டை எடுத்துவிட்டு, அவனை ஒட்டி உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அவன் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தான். நடுவில் சட்டென்று தலையைத் திருப்பினான்.

"ஏய், பருப்பு அடிப்பிடிக்குது."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவள் கை துண்டைத் தேடியது. அந்தக் கையை அவன் பிடித்துக்கொண்டான். அடுப்பை அணைக்க இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.