ஐம்பத்தாறு டன்

கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதற்குள் எவ்வளவு வேகும் என்று கணினியில் கணக்குப் பார்ப்பது என் தொழில். சுவர், கண்ணாடி, விளக்கு, ஆள் எல்லாவற்றையும் மாடலில் ஏற்றி, ஒரு வருட வெயிலை அதன்மேல் ஓடவிட்டால் எத்தனை டன் ஏசி வேண்டும் என்று சொல்லிவிடும். நாங்கள் கேட்கிறோமா என்பது வேறு விஷயம்.

அன்று அது ஐம்பத்தாறு டன் என்றது. தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் கம்பெனிக்கான ஒற்றைக் கூடம். எங்கள் மேலாளரோ மாடல் முடிவதற்கு முன்பே அவர்களிடம் நாற்பது என்று வாக்குக் கொடுத்திருந்தார். பிடிக்காத எண்ணையெல்லாம் அழிக்கச் சொல்பவர் என்பதால் ஆபீஸில் அவருக்கு ரப்பர் என்று பெயர்.

"பதினாறு டன் எங்கேருந்து முளைச்சுது? மாடல்ல தப்பு இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடி" என்றார். தப்பு தன் வாயில் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, வெட்கக்கேடு.

மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். மேற்குக் கண்ணாடியை மூடிப் பார்த்தேன்; இரண்டு டன்தான் குறைந்தது. விளக்குகள் விடிய விடிய எரிவதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. கடைசியில் ஆட்கள் பக்கத்தைத் திறந்தேன். இருநூற்று நாற்பது பேர். வரைபடத்தில் இருந்ததோ நூற்றிருபது மேசை. ஒவ்வோர் ஆளுக்கும் உடல் சூடு, கணினிச் சூடு, உள்ளே இழுக்க வேண்டிய வெளிக்காற்று என்று எல்லாம் கூடும். அந்த ஒரே எண் மொத்தத்தையும் தூக்கிவிட்டிருந்தது.

அந்த எண்ணைப் போட்டவன் என் தம்பி.

அவனை எங்கள் ஆபீஸில் சேர்த்துவிட்டதே நான்தான். போன வருடம் ஒரு பள்ளிக்கூடத்து மாடலில் வடக்கைத் தெற்காகத் திருப்பி வைத்து என் மானத்தை வாங்கியவன். தம்பிக்குச் சலுகை காட்டுகிறாள் என்று பேர் வந்துவிடக் கூடாதே என்று, எல்லார் முன்னாலும் குரலை உயர்த்தினேன்.

"நூத்திருபது மேசைக்கு எப்படிடா இருநூத்து நாப்பது பேர்? கண்ணை எங்க வச்சிருந்த?"

"அக்கா, அவங்க சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டுதான் போட்டேன். மேசைக்கு ரெண்டு பேரை உக்கார வைக்கப் போறாங்களாம்."

"எழுத்துல குடுத்தாங்களா?"

"வாயால சொன்னாங்க."

"வாயால ஆயிரம் சொல்லுவாங்க!"

நாலு பேர் சிரித்தார்கள். அந்த சூப்பர்வைசருக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்திருக்கும். போடவில்லை. நூற்றிருபது என்று மாற்றி ஓட்டினேன். அச்சு அசலாக நாற்பது வந்தது. எதிர்பார்த்த எண் வந்துவிட்டால் நாங்கள் தேடுவதை நிறுத்திவிடுவோம். அப்போது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இது இரண்டாவது தடவை என்று சொல்லி ரப்பர் அன்று மாலையே அவனை வேலையை விட்டு அனுப்பினார். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். பையை மாட்டிக்கொண்டு என் மேசையைக் கடந்து போனான். நான் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அறிக்கை என் கையெழுத்தோடு போனது.

கூடம் திறந்து ஒரு மாதத்தில் புகார் வந்தது. உள்ளே உட்கார முடியவில்லை, ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டாள். நான் போய்ப் பார்த்தேன். காலை பதினோரு மணிக்கே முப்பது டிகிரி. முழங்கையோடு முழங்கை இடிக்க, மேசைக்கு இரண்டு பேர். ஒரு கையில் அட்டையால் விசிறிக்கொண்டே "சொல்லுங்க, என்ன உதவி வேணும்?" என்று யாரிடமோ குழைந்துகொண்டிருந்தார்கள். வரிசை வரிசையாக இரண்டு தடவை எண்ணினேன். இருநூற்று நாற்பது.

படியிறங்கும்போது ரப்பரின் போன். "ஃபில்டர் அடைச்சிருக்கும், அவ்வளவுதானே? பழைய ரிப்போர்ட்ல கையெழுத்து உன்னோடது. பாத்து எழுது."

"ஆமா சார், ஃபில்டர்தான்" என்றேன்.

நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். இப்போது ஒரு மின்சாமான் கடையில் வேலைக்கு நிற்கிறான். அன்று அவனுக்கு விடுமுறை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கதவைத் திறந்தான்.

"நீ போட்டதுதான்டா சரி. இன்னைக்கு நானே எண்ணிட்டு வரேன்" என்றேன். அதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஆபீஸ்ல சொல்லிட்டியா? என்னைத் திரும்பக் கூப்பிடுவாங்களாக்கா?"

"இல்லடா. இன்னும் சொல்லல."

"சொல்லப் போறியா?"

குழந்தையை வாங்கக் கையை நீட்டினேன். அவன் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"அப்போ என்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் அப்பவே தெரியுமே."

குழந்தை சிணுங்கியது. அதைத் தட்டிக்கொண்டே உள்ளே திரும்பினான்.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ" என்றான்.