காலரில் தைத்த எண்

நான் தையல்காரி. பத்து வருஷமாக அண்ணனுக்குச் சட்டை தைப்பது நான்தான்; கடையில் அவன் அளவுக்குக் கிடைக்காது.

டாக்டர் எங்கள் இருவரிடமும் ஒளிக்காமல் சொன்னார். ஆபரேஷன் செய்து இரைப்பையைச் சின்னதாக்கினால் எடை குறையும், சர்க்கரை இறங்கும், தூக்கத்தில் மூச்சு முட்டுவது குறையும், முட்டிவலி தணியும். ஆனால் உள்ளே தையல் போட்ட இடம் கசியலாம், ரத்தம் கட்டலாம், அபூர்வமாக உயிரே போகலாம். சத்து மாத்திரை ஆயுசுக்கும் விழுங்க வேண்டும். இப்படியே விட்டால் இதயம் தாங்காது. தையல் பிரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அவ்வளவு மோசமில்ல டாக்டர், ஆபரேஷன் வேண்டாம். உங்க எடை மெஷின் என்னவோ சொல்லுது. பத்து வருஷமா எனக்கு ஒரே சட்டை அளவுதான்," என்றான் அண்ணன் பெருமையாக.

அந்தப் பெருமை நான் தைத்துக் கொடுத்தது. ஒவ்வொரு தடவையும் அளவை வாய்க்குள்ளேயே முணுமுணுத்து, துணியைக் கூட்டி வெட்டுவேன். கடைச் சட்டை போல இருக்கட்டும் என்று அவன் கேட்டதால் காலரில் எண் பட்டி வைப்பேன். எப்போதும் அதே பழைய எண், நாற்பத்தாறு. அவன் முகம் வாடக் கூடாதாம். நாசமாய்ப் போன பாசம்.

கைப்பையிலிருந்து அளவு நோட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். மார்பு நாற்பத்தாறு. ஐம்பது. ஐம்பத்தாறு. அறுபத்திரண்டு.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா அளவு குடுக்கக்கூட வரமாட்டே. வேற எங்கயும் போறதைத்தான் எப்பவோ நிறுத்திட்டியே."

கடைசி எண்ணின் மேல் விரலை வைத்தான். பிறகு சம்மதப் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டான்.

பயந்ததே நடந்தது. நாலாம் நாள் கசிவு, மறுபடி ஆபரேஷன், பதினோரு நாள் தீவிர சிகிச்சை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என்னை நானே திட்டாத திட்டில்லை. முன்பே வாயைத் திறந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அன்றைக்குத் திறந்ததால்தான் உள்ளே கிடக்கிறான்.

எட்டு மாதம் கழித்து, எங்கும் நிற்காமல் மாடியேறி என் கடைக்கு வந்தான். முடி கொட்டியிருந்தது. பையில் மாத்திரைகள். நாலு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்குவதில்லை. இன்சுலின் ஊசி நின்றுவிட்டது.

கையை விரித்து நின்றான். டேப்பைச் சுற்றினேன். பழக்க தோஷம், எண்ணை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன்.

"சத்தமா சொல்லு," என்றான்.

"நாற்பத்தெட்டு," என்றேன், அழுதுகொண்டே.

"அதையே காலர்ல வை."