வால்வைக் கழற்றிய பிறகு

விடிந்தும் விடியாத நேரத்திலேயே பட்டறையில் ஈயப் புகை கண்ணைக் கரித்தது. கிட்டார் ஒலியைப் பெருக்கும், கண்ணாடி வால்வு பொருத்திய ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள் செய்யும் பட்டறை. ஏழு மணி லாரிக்கு நாற்பது பெட்டிகள் தயாராக வேண்டும். சோதனை மேஜையில் மீட்டரம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து நாற்காலி காலி. பழுது பார்க்கும் சுருட்டை, நேற்று மின்சாரம் தாக்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அணைத்து வைத்த பெட்டிதான் அவனை அடித்தது.

முதலாளி ஒரு காகிதத்தை நீட்டினார்.

"பெட்டி நல்லாத்தான் இருந்துச்சு, அவன்தான் அஜாக்கிரதைன்னு எழுதியிருக்கேன். ஒரு கையெழுத்துப் போடும்மா."

"போட்டா அவன் வேலை?"

"அஜாக்கிரதைக்காரனை வெச்சு நான் என்ன பண்ண?"

அந்தப் பெட்டிக்குச் சரியென்று முத்திரை குத்தியவளே அவள்தான். சுவிட்சை அணைத்ததும் மீட்டர் முள் பூஜ்யத்துக்கு இறங்கியதைக் கண்ணால் பார்த்திருந்தாள். பிறகு எப்படி அடிக்கும்?

வோல்டேஜ் கூடுகிறதென்று திரும்பி வந்த பெட்டி அது. கோளாறு வால்விலா, டிரான்ஸ்ஃபார்மரிலா என்று பார்க்க, சுருட்டை வால்வுகளைக் கழற்றிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவான். அவள் ஒருநாளும் அப்படிச் சோதித்ததில்லை.

"கொஞ்சம் இருங்க முதலாளி."

புதுப் பெட்டி ஒன்றைத் திறந்து வால்வுகளைக் கழற்றினாள். சுவிட்சைப் போட்டாள். முள் நானூற்று எழுபது வோல்ட் காட்டியது. அணைத்தாள். இரண்டு நிமிடமாகியும் முள் இறங்குகிற வழியாக இல்லை. அணைத்த பிறகும் உள்ளே தங்கும் மிச்ச மின்சாரத்தை வடிக்கும் சின்ன ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. வால்வு இருந்தால் அதன் வழியே வடிந்துவிடும். அதனால்தான் இத்தனை நாளும் அவள் ஏமாந்தாள்.

"இதை யாரு எடுக்கச் சொன்னது?"

"நான்தான். வால்வு இருக்கறப்போ அது தண்டச் செலவு. அவனை யாரு கழட்டச் சொன்னா?"

"கழட்டாம எப்படிப் பழுது பார்க்கறது?"

கோபத்தைவிட வெட்கம்தான் அவளைப் பிடுங்கித் தின்றது.

"சரியாப் பார்க்காம முத்திரை குத்தினது என் தப்பு. அதை வேணா எழுதித் தர்றேன். அவன் மேல பழி போட மாட்டேன்."

"அப்போ நீயும் கிளம்பு. உன் மேஜைக்கு ஆளா கிடைக்காது?"

மரப்பெட்டி செய்யும் ஆசாரி ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"வரட்டுமே. வர்றவங்களுக்கும் இந்த முள்ளைக் காட்டறோம்."

ஈயம் பற்றவைக்கும் வரிசையில் பிளக்குகளைப் பிடுங்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. வெளியே லாரி ஹாரன் அடித்தது. பெட்டியைத் தூக்க யாரும் போகவில்லை.

"அந்த ரெசிஸ்டரை மாட்டாம ஒண்ணும் வெளிய போகாது. சுருட்டைக்கு வேலையும் போகக் கூடாது" என்றார் ஆசாரி.

"எல்லாரையும் தெருவுல நிறுத்திடுவேன்!"

"நாங்களே போய் நிக்கறோம்" என்றபடி மீட்டரம்மா எழுந்தாள். எல்லோரும் பின்னால் வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த சுருட்டையின் தங்கை வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அண்ணன் ராத்திரி பூரா, 'நான்தான் எதையோ மறந்துட்டேன்'னு அழுதுச்சு."

மீட்டரம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது.

"ஓடு. நீ எதையும் மறக்கலைன்னு அவன்கிட்ட சொல்லு. நாங்க அத்தனை பேரும் லாரிக்கு முன்னால நிக்கறோம்னு சொல்லு."