சோலைமலையின் கடவாய்ப்பல்

1951-ஆம் வருஷம் மாசி மாதத்தில் சோலைமலை ஒரு கொட்டாவி விட்டார். அவர் முகம் இருந்த பக்கத்தில் ஊர்ப் புளியமரம் பாதி காய்ந்துபோனது. மறுபாதியில் வழக்கம்போலப் பழம் உலுக்கினார்கள். அந்த வருஷம் குஜிலியம்பாறைச் சந்தையில் புளி விலை ஏறியதற்கு இதையே காரணமாகச் சொன்னவர்கள் உண்டு, ஆனால் அது மழை பொய்த்ததால் ஏறிய விலை. சோலைமலையின் ஊரான மொட்டப்பாறைக்கு மானாவாரிச் சோளமும் கடலையும் தவிரச் சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. ரோடு இல்லை, பஸ் இல்லை, கண்மாயில் பாதி நாள் தண்ணீரும் இல்லை. மரம் காய்ந்தது எதனால் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், சோலைமலையைத் தவிர. தன் வாய் நாற்றம் தனக்குத் தெரியாது என்பது உலகம் பூராவுக்கும் பொதுவான விஷயம்தான்.

அவருடைய மனைவி சிவனம்மாளுக்கு முதலில் தெரிந்தது. புருஷனிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காலையில் வேப்பங்குச்சியைக் கையில் கொடுத்தாள், காப்பியில் கிராம்பைத் தட்டிப் போட்டாள். அவர் குச்சியை முன்பல்லில் இரண்டு கடி கடித்துத் தூர எறிந்துவிட்டுப் புகையிலையை அதக்கிக்கொள்வார். வீட்டுப் பால் தானாகத் திரிந்தது. உழவு மாடு, அவர் காதருகே போய் அதட்டினால் படுத்துக்கொண்டது. சிவனம்மாள் சுவரைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டாள், அது மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் பக்கத்துக் காட்டுக்காரரான கருப்பணனோடு வரப்புத் தகராறு வந்தது. நியாயப்படி அந்த வரப்பு கருப்பணனுடையது. சோலைமலை நேரே போய் அவர் முகத்துக்கு முகம் நின்று தன் கட்சியை எடுத்துச் சொன்னார். கருப்பணன் இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார், முதுகில் வேலிமுள் குத்தியது. கண்ணில் தண்ணீர் ஓட, “சரிப்பா, நீ சொல்றபடியே ஆகட்டும்” என்றார். அழுகிற அளவுக்குத் தன் பேச்சில் நியாயம் இருந்திருக்கிறது என்று சோலைமலை பூரித்துப்போனார். அவர் கெட்டவர் அல்ல. தன் நாக்கில் சத்தியம் குடியிருக்கிறது என்று நம்பிய வெள்ளந்தி மனுஷர், அவ்வளவுதான்.

அதிலிருந்து அவரைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எந்த வழக்கும் செத்த நேரத்தில் முடிந்தது. வேடசந்தூர் பக்கமிருந்துகூட வண்டி கட்டி வந்து கூட்டிப்போனார்கள். பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது எதிர்த்து நின்றவரை வீட்டுக்கே போய்ப் பார்த்துப் பேசினார். அவர் அன்றைக்கே வாபஸ் வாங்கிக்கொண்டு மாமியார் ஊருக்குப் போய்விட்டார். ரோடு கேட்டு ஆபீசுக்குப் போன இடத்தில், மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து சோலைமலை குனிந்து ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார். காகிதத்தில் மை பச்சையாக வெளிறியது, ஆனாலும் செல்லுபடியானது. ரோடு வந்தது. பின்னாலேயே பஸ்ஸும், குடிதண்ணீர்க் கிணறும், கரண்டுக் கம்பமும் வந்தன.

இதையெல்லாம் பார்த்த ஊர், அவர் வெளியூர் போயிருந்த ஒரு நாள் கண்மாய்க்கரையில் கூடியது. பஞ்சாயத்து மெம்பர் ராமர்தான் பேசினான். “தலைவருக்கு யாரும் சொல்லிறக் கூடாது. அது போச்சுன்னா ரோடும் போச்சு, கரண்டும் போச்சு” என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். மறுநாளிலிருந்து முனியப்பன் கடையில் பல்பொடி கிடைக்கவில்லை, கிராம்பு கேட்டால் ஸ்டாக் வரவில்லை என்றார்கள். அவர் நடக்கும் பாதையில் நின்ற வேப்பமரங்கள் ஏர்க்காலுக்கென்றும் நிலைக்கதவுக்கென்றும் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டன. பல் துலக்கக் குச்சியில்லாமல் ஊர்க்காரர்கள் பல்லும் சொத்தையானது, வாயும் நாறியது, அப்படியும் ஒருவர் வாயும் தலைவர் வாய்க்கு ஈடாகவில்லை. அதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சிவனம்மாளிடம் பெண்கள் வந்து உட்கார்ந்து நயமாகப் பேசிவிட்டுப் போனார்கள். பேசிய விதத்தைப் பார்த்து அவள் அன்று ராத்திரி கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

சோலைமலைக்கும் சிவனம்மாளுக்கும் ஒரே மகள், பொன்னழகு. வேடசந்தூர் மில் தொழிலாளி ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். 1961-இல் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். முகத்துக்கு முகம் பேசுகிற ஊரில் இருந்துவிட்டு வந்தவளுக்கு இங்கே எல்லாரும் அப்பாவிடம் சுவரையும் வானத்தையும் பார்த்துப் பேசுவது முதல் நாளே கண்ணில் பட்டது. அந்தப் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் நாக்கில் முதன்முதலாகச் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பார்கள். சேனை வைப்பது என்று பெயர். வைக்கிறவருடைய குணம் பிள்ளைக்கு அப்படியே வரும். பொன்னழகுக்கு அப்பாவைத் தவிர வேறு யாரும் வைப்பதில் மனசில்லை. ஊருக்கும் அப்படித்தான், ஆனால் அவர்களுடைய கணக்கு வேறு. “தலைவரு சேனை வச்சா அடுத்த தலைவருக்குக் கவலையில்ல” என்று ராமர் கிணற்றடியில் சொன்னதை அவளே காதால் கேட்டாள். வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அன்றைக்குச் சோறு போடும்போது சொல்லிவிட்டாள். “அப்பா, ஒங்க வாய் நாறுது. ஊரு ஒங்க நியாயத்துக்குத் தலையாட்டலப்பா, நாத்தம் தாங்காம ஆட்டுது. எம்புள்ளைக்கு நீங்கதான் சேனை வைக்கணும். அதுக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க.” சோலைமலை சிரித்தார். பிறகு சிவனம்மாளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பத்து வருஷத்துத் தீர்ப்புகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டு ராத்திரி பூராவும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

திண்டுக்கல்லில், வாசலில் பல்செட்டுப் படம் எழுதிய கடை சௌகத் அலியுடையது. அவர் மூக்கில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். கண்ணாடி கறுத்துப்போனது, வேறொன்றை எடுத்தார். “அண்ணே, கடவாய்ப்பல்லு குடைஞ்சு கெடக்கு. திங்கிற சோறு அதுக்குள்ள தங்கி அழுகுது. ஈறும் சீழ் பிடிச்சிருக்கு. நாக்குல வெள்ளையாப் படிஞ்சிருக்கே, வழிக்கிறதே இல்லையா? நாள் பூரா பேசுறீங்க, தண்ணி குடிக்கிறதில்ல, வாய் காஞ்சு கெடக்கு. அதுக்கு மேல பொகையில வேற. சில பேருக்கு மூக்குல, வயித்துல, சீனி வியாதில இருந்தும் வரும், ஒங்களுக்கு அதெல்லாம் இல்ல. பல்லப் புடுங்கிட்டு, ரெண்டு வேளையும் நாக்க வழிச்சு, உப்புத் தண்ணியில கொப்புளிச்சாப் போயிரும்” என்றார். போய்விடும் என்ற வார்த்தையைக் கேட்டதும் சோலைமலை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கண்மாய்க்குத் தண்ணீர் திறந்துவிடச் சொல்லி, மடையைக் கையில் வைத்திருந்த மேலூர்க்காரர்களோடு பேச்சு நடக்கவிருந்தது. நாற்றம் இல்லாத சோலைமலை பேசினால் யார் கேட்பார்கள்? “வாரேன் பாய்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். பூக்கடைத் தெருவில் அவர் பெருமூச்சு விட்ட இடத்தில் மல்லிகை பழுத்துப்போனது.

மடைப் பேச்சு தள்ளித் தள்ளிப் போயிற்று, அவரும் தள்ளிப் போட்டார். பிள்ளை காத்திருக்கவில்லை. சித்திரை மாதத்து ஒரு காலையில் பொன்னழகுக்கு வலி கண்டபோது, யாரும் சொல்லாமலே ஊர் பூராவும் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. ராமர் கையில் வெள்ளிக் கிண்ணத்தில் சீனித் தண்ணீர் இருந்தது. தன்னைப் பார்க்காமல் தன் வாயையே அத்தனை கண்களும் பார்ப்பதைச் சோலைமலை அன்றுதான் கவனித்தார். கொல்லைப்புறமாக இறங்கி ஓடி, ரோட்டில் பஸ்ஸை மறித்து ஏறினார்.

பெண் குழந்தை பிறந்தது. பொன்னழகு அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருத்தரையும் தொடவிடவில்லை. “எங்கப்பா வருவாரு” என்று மட்டும் சொன்னாள். குழந்தை வறண்ட வாயோடு சாயங்காலம் வரை கத்தியது. வாசலில் இருந்தவர்கள் ஒருவரும் கலையவில்லை. சோலைமலை வாயில் பஞ்சும் சட்டையில் ரத்தமுமாக வந்து, கையைக் கழுவி, விரலால் சீனித் தண்ணீரைத் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைத்தார். அது சப்புக்கொட்டியது. அவர் குனிந்தார், இன்னும் குனிந்தார். குழந்தை முகத்தைத் திருப்பவில்லை. பத்து வருஷமாக ஒருவரும் பார்க்காத தூரத்திலிருந்து ஒரு ஜோடிக் கண் அவரைப் பார்த்தது. சோலைமலை குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வெளியே வந்தபோது ராமர் மட்டும் எழுந்து நின்றான். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. “தலைவரே, பல்லு எங்க?” என்றான். ஆழக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லி சௌகத் அலி காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருந்தது சோலைமலையின் மடியில் இருந்தது. அவர் அதை ராமரிடம் கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் வாசல் நிறைய ஆட்கள், உள்ளே பச்சைப்பிள்ளை. எடுத்துக் கொடுத்துவிட்டார். அதைப் பித்தளைச் செம்பில் போட்டு, பஞ்சாயத்து ஆபீஸ் பெட்டியில் வைத்து, திண்டுக்கல் பூட்டொன்றால் பூட்டினார்கள். ஒரு வாரத்தில் பூட்டு பச்சை பூத்தது. மேலூர்க்காரர்களோடு பேசப் போன அன்று ராமர் அந்தப் பல்லை எடுத்துத் தன் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போனான். மடை திறந்தது. அடுத்த தேர்தலில் ராமரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

சோலைமலை புகையிலையை விட்டார், நாக்கை வழித்தார், கருப்பணனுக்கு வரப்பைத் திருப்பிக் கொடுத்தார். அவர் பேச்சை அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்காதது அவருக்கு ஆரம்பத்தில் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது. சிவனம்மாள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். தோட்டக் கிணற்றையும் அதைச் சுற்றிய நிலத்தையும் பேத்தி சின்னக்கண்ணுவுக்கு என்று சொல்லி வைத்திருந்தார். அவருக்கென்று மிஞ்சியிருந்தது அதுதான்.

1967-இல், சின்னக்கண்ணு அவர் மடியில் உட்கார்ந்து ஆடுகிற முன்பல்லைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் ராமர் வந்தான். ஊருக்குப் புதுத் தொட்டி கட்ட அந்தக் கிணறு வேண்டும் என்று வாசலில் நின்றே சொன்னான். “அது புள்ளைக்குன்னு வச்சது, ராமரு. தர ஏலாது” என்றார் சோலைமலை. நியாயமான பேச்சு, தெளிவாகவும் சொன்னார். ராமர் மறுத்துப் பேசவில்லை. உள்ளே வந்து அவர் முழங்காலை ஒட்டி உட்கார்ந்தான். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. முகத்தருகே முகத்தைக் கொண்டுவந்து, “ஊரு நல்லதுக்குத்தானே கேக்குறேன்” என்றான்.

சோலைமலை தன் வாயை அன்றுதான் முதன்முதலாக முகர்ந்தார். சின்னக்கண்ணு அவர் தோளில் மூக்கைப் புதைத்துக்கொண்டாள். அவர் பின்னால் நகர்ந்தார், முதுகு சுவரில் முட்டியது. கண்ணில் தண்ணீர் ஓடியது. “சரிப்பா, நீ சொல்றபடியே ஆகட்டும்” என்றார்.

ராமர் நீட்டிய காகிதத்தில் அவர் போட்ட கையெழுத்து பச்சையாக வெளிறியது. முற்றத்தைத் தாண்டும்போது ராமர் ஒரு கொட்டாவி விட்டான். முருங்கைமரம் ஒரு பக்கமாகக் காய்ந்தது. மறுநாள் சிவனம்மாள் காய்ந்த பாதியை விறகுக்கு வெட்டிக்கொண்டு, பச்சையாக இருந்த பாதியில் சோற்றுக்கு வெஞ்சனமாகக் கீரை ஆய்ந்தாள்.