ஸ்பானருக்குப் பிடிக்காத வடிவம்

"ஸ்பானருக்குப் பிடிக்காத வடிவம் எது, சொல்லு பார்ப்போம்?"

ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பா தன் மகள் பூனையிடம் கேட்ட கேள்வி அது. இன்று காலை சித்தப்பா தெருமுனையில் இருந்த வால்வுக் குழிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றபடி அதன் பதிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பெரிய ஸ்பானரை நட்டில் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவார். அது வழுக்கும். அவர் போய்ச் சுவரில் இடிப்பார்.

"என்ன எழவு நட்டு இது! எங்க புடிச்சாலும் எதிர்ல ஒரு மூலை வந்து நிக்குது!"

"உங்க அண்ணன் போட்ட நட்டு. உங்களுக்கா அசையும்?" என்றாள் மாடிவீட்டு அக்கா, காலிக் குடத்தை இடுப்பில் மாற்றியபடி. சொல்லிவிட்டு அவளே அழ ஆரம்பித்தாள்.

பூனை நான்கடி தள்ளி நின்றாள். வந்ததும் தெரியாது, போவதும் தெரியாது என்பதால் அவளுக்கு வந்த பட்டப்பெயர். ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கவைத்து வாத்தியார் கேள்வி கேட்டபோது, பதில் தெரிந்தும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா ஒரு மாதம் திட்டினாள். அப்பா மட்டும், "விடு, வீட்டுல ஒரு ஆளாவது வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும்" என்றார்.

அப்பா இரண்டு தெருவுக்கும் தண்ணீர் திறந்துவிடுகிறவர். பள்ளத் தெருவின் வால்வு திறந்திருந்தால் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் காலை ஆறு மணிக்குத் திறப்பார், பகல் இரண்டுக்கு மூடுவார். மூடியபின் தண்ணீர் மேட்டுக்குப் போகும். முன்பெல்லாம் யாராவது ஒரு ஸ்பானரோடு வந்து தங்கள் தெருவுக்குச் சாதகமாகத் திருப்பிவிட்டுப் போவார்கள். பிறகு குடத்தால் அடித்துக்கொள்வார்கள். விலக்கப் போன அப்பாவுக்கு நெற்றியில் மூன்று தையல்.

அந்தத் தையலோடு வந்துதான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். பூனை பதிலை நோட்டில் எழுதிக் காட்டினாள். நாலு பக்கமும் ஆறு பக்கமும் ஆகாது. எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாக இருப்பதால் ஸ்பானர் இரண்டு தாடையாலும் கவ்விக்கொள்ளும். மூன்றில் பக்கத்துக்கு எதிரே மூலைதான், ஆனால் மூலைகள் துருத்திக்கொண்டிருக்கும், ஒரு கம்பியை வைத்தே நெம்பிவிடலாம். ஏழு கிட்டத்தட்ட வட்டம். கொஞ்சம் தேய்ந்தால் சொந்தச் சாவியே வழுக்கும்.

"அஞ்சுதாம்ப்பா."

அப்பா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். மூலைக்கு மூலை அவள் கோடிழுத்திருந்தாள். நடுவில் ஒரு நட்சத்திரம், நட்சத்திரத்தின் வயிற்றில் தலைகீழாக இன்னொரு ஐங்கோணம், அதற்குள் இன்னொரு நட்சத்திரம், பென்சில் முனை நுழையாத அளவுக்கு.

"இது எங்க போய் முடியும்?"

"முடியாதுப்பா. நம்ம பென்சில்தான் முடியும்."

"அம்மாகிட்ட சொல்லாதே. பென்சில் வாங்கித் தரமாட்டா" என்றார்.

படத்தை ஒரு தாளில் பிரதி எடுத்துக்கொண்டு போய், வெல்டர் மாமாவிடம் ஒரு நட்டும் ஒரே ஒரு சாவியும் செய்துகொண்டார். யார் போட்ட கணக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று கெஞ்சியவள் அவள்தான். அதன்பிறகு ஆறு வருடம் அந்த வால்வை அப்பாவைத் தவிர யாரும் தொடவில்லை.

நேற்றுப் பகல் வால்வை மூடிவிட்டு வரும்போது கால்வாய்ப் பாலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சைக்கிளோடு கீழே கால்வாய்க்குள் சாய்ந்தார். சைக்கிளை மேலே எடுத்தார்கள். சாவி கால்வாய்ச் சேற்றுக்குள் போய்விட்டது. விடியும்போது ஆஸ்பத்திரியிலிருந்து அவரையும் கொண்டுவந்து கூடத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். ஆறு மணி ஆனது. ஆறு வருடத்தில் முதல்முறையாக, அவர்கள் வீடு இருந்த பள்ளத் தெருவில் தண்ணீர் வரவில்லை.

மேட்டுத் தெருக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி, "நாங்க நாலு குடம் கொண்டாரோம், அண்ணனைக் குளிப்பாட்டிடலாம்" என்றார். அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அறுபது வீட்டுக்குத் தண்ணி விட்ட மனுஷன். அவருக்கு அடுத்த தெருவுலேர்ந்து குடம் வரவேணாம். எங்க குழாயில வரட்டும்."

சித்தப்பா குழியிலிருந்து ஏறி வந்தார். "நட்டு மேலேயே ஒரு கம்பியை வெச்சுப் பத்தவெச்சிடுய்யா."

"அப்புறம் நாளையிலேர்ந்து போறவன் வர்றவன்லாம் திருகுவான்" என்றார் வெல்டர் மாமா. "அதுக்கா அவன் நெத்தியில தையல் போட்டுக்கிட்டான்? சாவிதான் செய்யணும்."

இரண்டு வீடு தள்ளி அவர் பட்டறை. நட்டு கலங்கல் தண்ணீருக்குள் கிடந்தது, அச்செடுக்க வழியில்லை. ஒரே அளவில் ஐந்து தகடு வெட்டி, மூலைமட்டத்தைவிடக் கொஞ்சம் விரித்துப் பார்த்து, கண் கணக்கில் ஒட்டினார். நாலு தகடு அழகாக உட்கார்ந்தன. ஐந்தாவதற்கு இடமில்லை. தட்டிப் பிரித்து, கோணத்தை இன்னும் விரித்து ஒட்டினார். இப்போது கடைசி இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடைவெளி. சுத்தியலைக் கீழே போட்டார்.

"அந்தத் தாள் மட்டும் இருந்தா... வேலை முடிஞ்சதும் இன்னொரு சாவி வரக் கூடாதுன்னு என் கண்ணு முன்னாடியே கொளுத்தினான், பாவி."

பட்டறை வாசலில் நின்ற பூனைக்குக் காது சுட்டது. நோட்டு வீட்டில், தையல் மெஷின் பெட்டிக்குள், துணிகளுக்கு அடியில் இருந்தது. அதில் ஐங்கோணம் மட்டுமா இருந்தது? அம்மா திட்டியதெல்லாம் தேதியோடு இருந்தது. அப்பாவின் குறட்டையைப் பற்றி இரண்டு பக்கம். கரும்பலகைக்கு முன்னால் நின்ற அன்று சொல்லாத பதில், ஒரு பக்கம் முழுக்க. அதை யாராவது புரட்டுவதை நினைத்தாலே தெருவில் துணியில்லாமல் நிற்பதுபோல் இருந்தது.

வீட்டுக்குள் போனாள். கட்டிலைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகவேண்டும். அப்பாவின் கணுக்காலில் நேற்றைய சேறு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. வேலை முடிந்து வந்தால், அந்தக் காலைக் கழுவாமல் அவர் வீட்டுப்படி ஏறியதே கிடையாது.

பூனை பெட்டியைத் திறந்தாள்.

பட்டறையில் நோட்டை விரித்து வைத்து, எழுத்து இருந்த பக்கத்தின்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டாள். படம் மட்டும் தெரிந்தது. வெல்டர் மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இதேதான். இந்த நட்சத்திரம்கூட இருந்துச்சு." படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு கோடு நேராப் போடத் தெரியாதே அவனுக்கு. அன்னைக்கே நெனச்சேன்... யாரு போட்டதுடான்னு கேட்டதுக்கு, கனவுல வந்துச்சுன்னான், களவாணிப் பய."

பூனை வாயைத் திறந்தாள். நாக்கு அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. படத்தின் ஒரு மூலையில் விரலை வைத்தாள்.

"நூத்தியெட்டு."

"என்னம்மா?"

"ஒவ்வொரு மூலையும் நூத்தியெட்டு டிகிரி. பக்கம் இருபத்தஞ்சு மில்லி. சாவிக்கு ஒரு மில்லி கூட வெக்கணும்."

இந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "நூத்தி அஞ்சுன்னு வெச்சா ஒண்ணும் குடி முழுகிடாதே?" என்றார்.

"முழுகிடும் மாமா. மூலைக்கு மூணு டிகிரி. அஞ்சு மூலைக்குப் பதினஞ்சு. தப்பு எல்லாம் கடைசி மூலையில வந்து நிக்கும். சேராது."

"உத்தரவு டீச்சர்" என்றார் மாமா. கண்ணாடியை இறக்கிக்கொண்டார். அதற்குப் பின்னால் அவர் முகம் தெரியவில்லை.

தகரத்தில் படத்தை ஒற்றியெடுத்து, ஐந்து மூலையையும் அதன்மேல் வைத்துச் சரிபார்த்து ஒட்டினார். ஐந்தாவது தகடு, தனக்கென்று வைத்திருந்த இடத்தில் போய் உட்காருவதுபோல் உட்கார்ந்தது. நீளக் கம்பியும் கைப்பிடியும் வைத்தபோது மணி பதினொன்று. சித்தப்பா குழிக்குள் இறங்கி மாட்டினார். சாவி சொருகிக்கொண்டது. ஒரு திருகு, இரண்டு திருகு. தெருவில் முதல் வீட்டுக் குழாய் இருமியது. அப்புறம் அடுத்தது. பெண்கள் குடங்களோடு ஓடினார்கள்.

அப்பாவை அவர் வீட்டுக் குழாயில் வந்த தண்ணீரிலேயே குளிப்பாட்டினார்கள். அம்மா அவருடைய கால்களை மட்டும் யாரிடமும் விடவில்லை, தானே தேய்த்துக் கழுவினாள்.

குளிப்பாட்டி முடித்துக் கூடம் அடங்கியபோது வெல்டர் மாமா வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒட்டினது நான், தங்கச்சி. கணக்கு உன் மக போட்டது. இன்னைக்கு இல்லே, ஆறு வருஷத்துக்கு முன்னாடியே."

அம்மா நிமிர்ந்து பூனையைப் பார்த்தாள். எண்ணெய் வைக்காத அந்தத் தலையில் கையை வைத்து, ஒரு முறை அழுத்தி, எடுத்துக்கொண்டாள்.

சித்தப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாவி அவருடைய மடியில் குறுக்கே கிடந்தது.

"இனிமே சாவி நம்ம கையில" என்றார் பொதுவாக. "சாயங்காலம் எடுக்கிற வரைக்கும் தண்ணி ஓடட்டும். நூறு ஜனம் வரும்."

"ஆமா, ஒரு நாள் மேட்டுத் தெரு காஞ்சாத்தான் என்ன?" என்றாள் மாடிவீட்டு அக்கா. "நம்ம காஞ்சப்போ அவங்களா வந்து அழுதாங்க?"

மேட்டுத் தெருக்காரர் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்திருந்தாள். உள்ளே யாரோ குழாயை மூடாமல் விட்டிருந்தார்கள். தண்ணீர் வாளி நிறைந்து தரையில் வழிகிற சத்தம் கேட்டது.

பூனை கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

எழுந்தாள். சித்தப்பாவின் மடியிலிருந்து சாவியை எடுத்தாள். அவர் கண்ணைத் திறந்து, "ஏய், எங்க எடுத்துட்டுப் போறே?" என்றார். கூடத்தில் இருந்த அத்தனை முகமும் திரும்பியது. வழியில் அம்மா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

அம்மா காலை மடக்கிக்கொண்டாள்.

பூனை படியிறங்கித் தெருமுனை வால்வைப் பார்த்து நடந்தாள்.