சீனாக்காரர் சொன்ன கஷாயம்

சுக்கு மல்லி வேணாமாம். மழைக்காலத்துக் காய்ச்சலுக்கு வேற எதைக் குடுப்பாங்க? என் புருஷன் சின்னதம்பிக்கு மட்டும் சீனா வைத்தியம்தான் வேணும். சரக்குக் கப்பல்ல வேலை. அங்க சமையல் பண்ற சென் அண்ணன் சொல்லிக்குடுத்தாராம்: குளிர் காத்து ஒடம்புல பூந்துட்டா, வெங்காயத்தாளோட வெள்ளைத் தண்ட வேரோட போட்டு, இஞ்சி தட்டி, நாட்டுச்சர்க்கரை கலந்து கொதிக்க வைக்கணும். சுடச்சுடக் குடிச்சிட்டு இழுத்துப் போத்திக்கணும். வேர்த்தாத்தான் காய்ச்சல் எறங்கும்.

வேரோட வெங்காயத்தாள் கடலூர்ல கெடைக்கல. சிதம்பரத்துலேர்ந்து தங்கச்சி இளவரசி பஸ் ஏறி, நனைஞ்சுகிட்டே கொண்டாந்து குடுத்துட்டுப் போனா. மறுநாள் சென்னையில அவருக்கு மெடிக்கல் டெஸ்ட். பாஸானாத்தான் மறுபடி கப்பல்ல ஏத்துவாங்க. போகாதய்யான்னு கத்தணும்னு இருந்துச்சு எனக்கு. வாயத் தொறக்கல. சம்பாதிக்கப் போற ஆம்பளய அழுதுகிட்டா அனுப்புவாங்க?

அன்னைக்கு மத்தியானம் கஷாயத்தக் குடுத்துப் போத்திவிட்டேன். வெளிய எங்க தேவனாம்பட்டினமே மழையில மெதந்துகிட்டு இருந்துச்சு. இஞ்சி வாசனை வீடு முழுக்க நின்னுச்சு. அவரு மூச்சு ஏறி எறங்க, கட்டிலும் சேந்து அசையற மாதிரி தெரிஞ்சுது. கண்ணு சொக்குனா, நானும் அவரும் எங்கயோ போய்க்கிட்டே இருக்கோம். கரையே வரல. எனக்கு அது புடிச்சிருந்துச்சு.

முழிச்சுப் பாத்தா போர்வை தரையில கெடக்குது. போத்துனேன். மறுபடி ஒதைச்சுத் தள்ளிட்டாரு. பல்லு வேற கிடுகிடுன்னு ஆடுது.

"அட கடவுளே, சின்னப் புள்ளயா மாமா நீ? ஒழுங்காப் போத்திக்கிட்டுப் படு!"

கண்ணத் தொறந்தாரு. பார்வை தெளிவாத்தான் இருந்துச்சு.

"போத்தாத ஜோதி. வேர்த்தா காய்ச்சல் விட்டுடும். நாளைக்குப் பாஸாயிடுவேன்."

"அப்புறம் எதுக்குய்யா கஷாயம் கேட்ட?"

"கேக்கலன்னா நீ சந்தேகப்படுவ. என் புருஷன் கப்பல்ல இருக்காருன்னு ஊரெல்லாம் பெருமையடிக்கிற. எனக்குப் போகப் புடிக்கலன்னு ஒங்கிட்ட எப்படிடி சொல்றது?"

"கூறுகெட்ட மனுஷா!" அழுதுட்டேன். "நீ இல்லாத வீட்டுல அழுதுடக் கூடாதுன்னுதான்யா அப்படி வாய் கிழியப் பேசுறேன்."

மூக்கச் சிந்திட்டுப் போர்வையக் கையில எடுத்தேன்.

"மொதல்ல ஒடம்பு சரியாவட்டும். நாளைக்கு ஒன் வாயாலயே கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லு. நான் பக்கத்துலயே இருக்கேன்."

என்னையே பாத்துகிட்டு இருந்தாரு. அப்புறம் என் கையிலேர்ந்து போர்வைய வாங்கி, காது வரைக்கும் அவரே இழுத்துப் போத்திக்கிட்டாரு.